மணியோசைக்கு நின்ற பாட்டு

உஷாராணி அக்காவிடம் ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டு, "எப்போ கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். வந்தவரை ஏற இறங்கப் பார்ப்பார். "முப்பது வருசம் அலமாரியில தூங்கின கேசட்டு. அப்பல்லாம் அவசரம் இல்ல. இப்ப மட்டும் என்னலா அவசரம்?" என்பார். வாடிக்கையாளரை இப்படி விரட்டுகிற கடை கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வேறு எதுவும் கிடையாது. ஆனாலும் கூட்டம் குறைவதில்லை. கல்யாணக் கேசட், காதுகுத்துக் கேசட், செத்துப்போன அப்பா என்றைக்கோ பாடிவைத்த பாட்டு, எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கும் கடை அது.

அதற்கு அடுத்த துணிக்கடை என்னுடையது. என் பெயர் பாவா, ஊர் அதிராம்பட்டினம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வேலை பெர்மிட்டில் மலேசியாவுக்குச் சேலை மடிக்க வந்தவன், இன்று அதே கடையில் பங்குதாரன். இதைச் சொல்லிக்கொள்ளாமல் என்னால் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். கதை அக்காவுடையது.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பா தம்புசாமி, செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டர். அக்கா பதினேழு வயதில் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் கேசட் பதிவு செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பதினாறு வருடம் கழித்துக் கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் நஷ்டஈட்டுக்கு வரிசையில் நின்றார்கள். அக்கா இரண்டு பதிவு மிஷின்களைக் கேட்டு வாங்கி லோரியில் ஏற்றிக் கிள்ளானுக்கு வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ரெண்டு மூணு பேரு வந்தாங்க. கேட்டுப் பாத்தேன், சத்தம் சரியில்ல" என்பார்.

அவருடைய கடையில் ஒரு சட்டம் உண்டு. வேலை முடிந்ததும் வாடிக்கையாளரை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முகம் மாற வேண்டும். மாறினால்தான் பில். ஒருமுறை ஒரு பெரியவர் தன் கல்யாணக் கேசட்டைக் கேட்டுவிட்டுக் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். அக்கா கேசட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தால், அது வேறு யாருடைய கல்யாணமோ.

கோபத்திலும் அக்கா சாதாரணப்பட்டவர் இல்லை. குவார்ட்டர்ஸ் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில். அதன் மணிக்கு நாக்கு உடைந்துபோனபோது, அப்பா தம்புசாமிதான் ரயில் பெட்டியிலிருந்து கழித்துப்போட்ட இரும்புக் கம்பியைக் கேட்டு வாங்கி, பட்டறையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து, ஒரு புது நாக்குச் செய்து மாட்டினார். அதற்குப் பிறகு அந்த மணிக்கு ஒரு தனிக் குரல் வந்துவிட்டதாம். அப்பா காலமான வருடம் கோயில் ஆண்டுமலர் வெளியிட்டது. விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தவர் பெயர்வரை அதில் இருந்தது. தம்புசாமி பெயர் இல்லை. மலர்க்குழுவின் செயலாளர் கமலநாதன், அக்காவோடு ஒரே பள்ளியில் படித்தவர். "விட்டுப் போச்சுலா, அடுத்த மலர்ல போட்டுடுவோம்" என்றாராம். அக்கா மலரை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார். இருபத்தைந்து வருடமாக அந்தக் கோயில் வாசற்படியை அவர் மிதிக்கவில்லை.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ராஜன் என்ற மலையாளி ஒருவர் பிஸ்கட் டின்னோடு வந்தார். அவருடைய அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர், பாட்டுப் பைத்தியம். பிரிக்பீல்ட்ஸ் வீட்டை விற்பதற்காகக் காலி செய்தபோது, அப்பா 1978-இல் வீட்டில் பதிவு செய்த ஒரு ஸ்பூல் டேப் கிடைத்திருக்கிறது. அட்டையில் "சிம்ஹா அம்மா பாட்டு" என்று எழுதியிருந்தது.

சிம்ஹா அம்மா கொச்சிப் பக்கத்து யூதப் பெண்மணி. ஆயிரம் வருடத்துக்கும் மேலாக அங்கே வாழ்ந்து, ஐம்பதுகளில் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் குடியேறிப்போன சமூகம். அவர்களுடைய பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துப் பாடுவார்களாம். சிம்ஹா அம்மாவின் மகள் ரஹேல் அப்போது கோலாலம்பூரில் நர்ஸ். ராஜன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தார். மகளைப் பார்க்க வந்த அம்மா மூன்று மாதம் தங்கி, ஒரு நாள் ராஜன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். ஊர் திரும்பிய அடுத்த வருடம் காலமாகிவிட்டார்.

ரஹேலுக்கு இப்போது எழுபத்தொன்று. மெல்போர்னில் இருக்கிறார். நர்ஸாகச் சம்பாதித்ததையும், சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கியதையும் சேர்த்து ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். பாழடைந்து கிடந்த அவர்கள் ஊர்த் தொழுகைக்கூடத்துக்கு அதுதான் கூரை போட்டது. உலகமெங்கும் பெட்டிகளில் கிடந்த பாட்டு நோட்டுகளைத் தேடி அச்சிட்டது. ஐந்து நாடுகளில் இருக்கும் பெண்களைக் கணினி வழியாகச் சேர்த்து, அந்தப் பாட்டுகளைப் பாடப் பழக்கியது. எல்லாப் பாட்டுக்கும் மெட்டுக் கிடைத்துவிட்டது, ஒன்றைத் தவிர. மணப்பெண்ணைக் கூடத்துக்குள் அழைத்துவரும்போது பாடுகிற பாட்டு அது. வரிகள் நோட்டில் இருக்கின்றன, மெட்டுத் தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. சிம்ஹா அம்மா அன்று பாடியது அந்தப் பாட்டைத்தான்.

"ஐஞ்சு வாரத்துல ரஹேல் ஆன்டி மக கல்யாணம்" என்றார் ராஜன். "அறுபது வருசத்துக்கப்புறம் அந்தக் கூடத்துல நடக்கற மொதக் கல்யாணம். அந்தப் பாட்டோடதான் பொண்ணு உள்ள வரணும்னு அவங்களுக்கு ஆசை. கோலாலம்பூர்ல மூணு கடை ஏறி இறங்கிட்டேன். டேப்பு பசையா இருக்கு, தொட மாட்டோம்னுட்டாங்க."

யூதர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. பொய் சொல்ல மாட்டேன். டிவியில் தினமும் பார்க்கிற செய்தி ஒரு பக்கம், கடைத்தெருவின் வாய் ஒரு பக்கம். ராஜன் போனதும் அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, நமக்கு எதுக்கு இந்த வம்பு? தெருவுல பேசுவாங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். போச்சு என்று நினைத்தேன்.

"ஒரு பொம்பள அவங்க அம்மா கொரல கேக்கணும்னு சொல்றாங்க. ஒங்க உம்மா கொரலு ஒரு டேப்புல இருந்தா, அத எடுத்துக் குடுக்கறவன் யாரு எவருன்னு பாத்தா பாவா கேப்ப?"

என் உம்மா மவுத்தானபோது என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. என் போனில் உம்மாவின் குரல் பன்னிரண்டு விநாடி இருக்கிறது. "சாப்பிட்டியா வாப்பா, வெயில்ல அலையாத" என்று. மூன்று போன் மாற்றியும் அதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறேன். 

பசை பிடித்த பழைய டேப்பை அப்படியே ஓட்டினால், பதிந்திருப்பதெல்லாம் உரிந்து மிஷினில் ஒட்டிக்கொள்ளும். அதை எட்டு மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்துக் காயவைக்க வேண்டும். சூடு கூடினால் டேப் போச்சு, குறைந்தால் பசை போகாது. அதற்கு அக்கா கண்டுபிடித்த வழி, எதிர்க்கடை புனிதாவின் மோர்மிளகாய் காயவைக்கும் மின்சாரப் பெட்டி. கிள்ளான் மழையை நம்பி மிளகாய் காயவைக்க முடியுமா? புனிதா அதில் தட்டுத் தட்டாக அடுக்கிக் காயவைத்துத்தான் வியாபாரம் செய்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் பெட்டியைக் கடன் வாங்கி, தட்டுகளை எடுத்துவிட்டு, ஸ்பூலை உள்ளே வைத்து, ஒவ்வொரு மணிக்கும் அக்கா அதைப் பிள்ளைபோலத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"யாரு பாட்டுக்கா இது?" என்று புனிதா கேட்டார். அக்கா சொன்னார். கல்யாணம் செவ்வாய்க்கிழமை என்றதும் புனிதா அதிர்ந்துபோனார். "செவ்வாய்க்கெழமையா? யாராச்சும் செவ்வாய்க்கெழமை தாலி கட்டுவாங்களாக்கா?"

"அவங்களுக்கு அதான் நல்ல நாளாம். கடவுள் ஒலகத்த படைச்சப்போ, அந்த ஒரு நாள்ல மட்டும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு ரெண்டு தடவ சொன்னாராம். ரஹேல் அக்கா சொன்னாங்க."

"அப்படின்னா சரி" என்று புனிதா சமாதானம் ஆனார்.

டேப் ஓடியது. பசை இல்லை, அறுபடவில்லை. ஆனால் வந்த குரல் பத்து வயதுப் பெண்ணின் குரல். கீச்சென்று, அவசரமாகப் பாடியது. ரஹேலுக்கு அனுப்பினோம். வீடியோ அழைப்பில் அவர் கேட்டார். அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் மாறவில்லை.

"இது என் அம்மா இல்ல உஷா" என்றார் ரஹேல். பிரிக்பீல்ட்ஸ் தமிழ் இன்னும் அவர் வாயில் இருந்தது. "அம்மாக்கு கனத்த சத்தம். இது ஏதோ சின்னக் குட்டி."

அக்கா அசரவில்லை. பதிவு செய்த மிஷின் சரியான வேகத்தில் ஓடவில்லை, அவ்வளவுதான் என்றார். வேகம் எவ்வளவு தவறு என்று தெரிந்தால் திருத்திவிடலாம். வழக்கமாக டேப்பில் பதிந்திருக்கும் கரண்ட் இரைச்சலை வைத்து அதைக் கண்டுபிடிப்பார். இதில் மின்விசிறிச் சத்தம் அதை மூடிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். பாட்டின் நடுவே சிம்ஹா அம்மா சட்டென்று நிறுத்துகிறார். பின்னால், எட்டத்தில், ஒரு மணி அடிக்கிறது. ஓசை அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி விட்ட இடத்திலிருந்து பாடுகிறார்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "டேய் பாவா! இது எங்க கோயில் மணிடா!"

மனிதக் குரல் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், மணிக்கு ஒரே சுருதிதான். கோயில் மணியின் சுருதியைப் பிடித்து, டேப்பில் கேட்கும் மணியை அதற்குக் கொண்டுவந்துவிட்டால் வேகம் சரியாகிவிடும், குரலும் சரியாகிவிடும். அன்று மாலையே அக்கா கொமுட்டர் ரயில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் போனார். ஆனால் கோயிலுக்குள் போகவில்லை. வைராக்கியம்! எதிர்த் தெருவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கடை வாசலில் நின்று, போனை உயர்த்திப் பிடித்து, பூஜை மணியைப் பதிவு செய்துகொண்டு திரும்பினார்.

"கொஞ்சம் கனமா கேட்டுச்சு" என்று என்னிடம் சொன்னார். "வயசாயிருச்சில்ல, காது மாறிப்போயிருக்கும்."

அந்த மணிக்கு டேப்பைச் சரிசெய்தார். ராஜனையும் கூப்பிட்டு உட்காரவைத்து மெல்போர்னுக்கு அழைத்தோம். இந்த முறை அறக்கட்டளையின் இசை ஆலோசகரும் திரையில் இருந்தார். அக்கா பெருமையாக ஒலிக்கவிட்டார்.

ஒரு ஆண்பிள்ளை பாடினான். அதுவும் தூக்கக் கலக்கத்தில் பாடுகிற தடித்த ஆண்பிள்ளை.

ஆலோசகர் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் சிரித்ததாக நான் சொல்லவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. ரஹேல் சிரிக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆலோசகர் மரியாதையாகத்தான் பேசினார். டேப்பை லண்டன் ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம், அங்கே மூன்று மாதம் ஆகும், கல்யாணத்துக்குக் கிடைக்காது, என்ன செய்வது, பிறகாவது கேட்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை கூரியர் வரும் என்று முடிவாயிற்று.

அக்கா கடை ஷட்டரை இறக்கினார். பட்டப்பகல் மூன்று மணிக்கு அந்த ஷட்டர் இறங்கி நான் பார்த்ததே இல்லை. அடுத்த நாளும் திறக்கவில்லை. புனிதா டீ வாங்கிக்கொண்டு போய்த் தட்டினார். "வேணாம் போ" என்று மட்டும் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. எனக்கு வியாபாரத்தில் மனம் போகவில்லை. ஆறு முழம் கேட்ட அம்மாவுக்கு எட்டு முழம் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஷட்டர் படாரென்று ஏறியது. அக்கா என் கடைக்குள் வந்து, வாடிக்கையாளர் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் என் காதில் ஹெட்போனை மாட்டினார்.

"இது டேப்பு மணி. நல்லாக் கேளு. அடங்கறப்போ என்ன பண்ணுது?"

கேட்டேன். ஓசை அடங்கும்போது ம்ம்... ம்ம்... என்று அலையாக ஆடி ஆடிப் போயிற்று.

"இது நான் ரோட்டுல நின்னு புடிச்ச மணி."

அது ஆடவில்லை. ஒரே நேராகப் போய் நின்றது.

"வேற மணி பாவா. மணிய மாத்திட்டானுங்க! என் காது அன்னிக்கே சொல்லுச்சு, கனமா இருக்குன்னு. நான்தான் கேக்கல. உள்ள போயி நிமுந்து ஒரு பார்வ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். போமாட்டேன்னு ரோட்டுல நின்னேன் பாரு, எருமமாடு மாதிரி." சொல்லிக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டார். பிறகு முந்தானையைச் செருகினார். "வேன் சாவிய எடு."

இருபத்தைந்து வருட வைராக்கியம் அன்று காலை பதினோரு மணி வாக்கில் முடிந்தது. கோயில் வாசற்படியில் அக்கா ஒரு நொடி நின்றார். பிறகு வலது காலை வைத்து உள்ளே போனார். மேலே பெரிய பளபளப்பான மணி, பட்டனைத் தட்டினால் மோட்டாரில் அடிக்கிற மணி. அலுவலகத்தில் கமலநாதன் தலையெல்லாம் நரைத்து உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"உஷா! வா, வா. ஒக்காரு. அந்த மலர் விசயம்..."

"மலர் கெடக்கட்டும். பழைய மணி எங்க?"

"ரெண்டாயிரத்துப் பதினொண்ணு கும்பாபிஷேகத்துல மாத்தினோம். ஒரு பெரிய மனுசர் புது மணி குடுத்தாரு."

"பழசு எங்கன்னு கேட்டேன், கமலநாதா."

அவர் ஒரு நோட்டைப் புரட்டினார்.  உருக்கிவிட்டோம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் அதோடு முடிந்தது.

"டெங்கில்ல ஒரு தோட்டத்துக் கோயிலுக்குக் குடுத்துட்டோம்."

டெங்கிலுக்குப் போகும் வழியெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். தோட்டம் கைமாறி, தொழிலாளர்களின் லயத்து வீடுகள் போய், குறைந்த விலை அடுக்குமாடிகள் வந்திருந்தன. அவற்றின் காலடியில் தகரக் கூரையோடு சின்னதாக ஒரு கோயில். நான் வேன் பக்கத்திலேயே நின்றேன். பூசாரி எட்டிப் பார்த்தார். "பாஸ், வெயில்ல ஏன் நிக்கிறீங்க? கூரைக்குக் கீழ வாங்கலா."

மணி வாசலிலேயே ஓர் இரும்புச் சட்டத்தில் தொங்கியது. பாசி படர்ந்திருந்தது. அக்கா குனிந்து, மணியின் வாய்க்குள் கையை விட்டு, நாக்கைப் பிடித்துப் பார்த்தார். வழுவழுப்பில்லாத, சுத்தியல் அடி அடியாகத் தெரிகிற இரும்பு. அக்காவின் கையிலேயே எனக்குத் தெரிந்தது, அது யார் அடித்த இரும்பு என்று.

"அப்பா செஞ்சதுடா இது" என்றார்.   மைக்கை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா கயிற்றை இழுத்தார். மணி அடித்தது. அடங்கும்போது ம்ம்... ம்ம்... என்று ஆடியது. மாடிகளிலிருந்து நாலைந்து பேர், இந்நேரத்தில் என்ன பூஜை என்று எட்டிப் பார்த்தார்கள்.

கடைக்குத் திரும்பி, டேப்பு மணியை இந்த மணிக்கு இறக்கினார். வேகம் நூற்றுக்கு எண்பத்து மூன்று, ஒரு முடி அதிகம். அந்தக் கணக்கைப் பார்த்ததுமே அக்காவுக்கு ஏதோ உறைத்தது. ராஜனுக்குப் போன் போட்டார். "உங்கப்பா அந்த மிஷின எங்க வாங்கினாரு?"

"கிள்ளான் துறைமுகத்துல. ஒரு அமெரிக்கக் கப்பல்காரன்கிட்ட. ஏன்?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அமெரிக்கக் கரண்டுக்குச் செய்த மோட்டார் நம்மூர்க் கரண்டில் மந்தமாகச் சுற்றும். அப்படி மந்தமாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் கீச்சிடும். எவ்வளவு மந்தம் என்று கணக்குப் போட்டால் அதே எண்பத்து மூன்று, அதே ஒரு முடி. மணி சொன்னதும் மிஷின் சொன்னதும் புள்ளி பிசகாமல் ஒன்று.

வியாழக்கிழமை மாலை மெல்போர்னுக்கு அழைத்தோம். கூரியர் வருவதற்கு ஒரு நாள் முன்பு. ஆலோசகரும் வந்தார்.  அக்கா பட்டனைத் தட்டிவிட்டு, ரஹேலின் முகத்தைப் பார்த்தார்.

கனத்த, நிதானமான, ஒரு நடுவயதுப் பெண்ணின் குரல். முதல் வரி முடியவில்லை, ரஹேலின் கை வாய்க்குப் போய்விட்டது.

"அம்மே" என்றார். "அம்மே. எண்டெ அம்மே."

முகம் மாறியதா என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாள் எழுபத்தொரு வயதில் குழந்தையாக அழுதார். நான் அழுதேன். டீயோடு வந்து நின்ற புனிதா, எதற்கென்று தெரியாமலே அழுதார். ஆலோசகர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, அக்காவைப் பார்த்துத் தலை குனிந்தார். அக்கா மட்டும் அழவில்லை. ஜெயித்த முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் நான் பார்த்தேன்.

"பில் அனுப்பு உஷா" என்றார் ரஹேல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அது போக, கூடத்துச் சுவர்ல உதவி செஞ்சவங்க பேரெல்லாம் கல்லுல வெட்டறோம். உன் பேரும் வரணும்."

"பேரெல்லாம் வேணாக்கா. பில்லும் இப்ப வேணாம். கல்யாணத்துல அந்தப் பாட்டு கேக்கட்டும். அப்புறம் அனுப்பறேன்."

இந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். ராஜனிடம் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே ரஹேலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நீண்ட செய்தி அனுப்பினேன். ஆண்டுமலர், பட்டறை, நாக்கு எல்லாம் சொன்னேன். அக்காவிடம் மூச்சுவிடவில்லை. நாலு வாரம் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்துக் கடையில் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

கல்யாணச் செவ்வாய்க்கிழமை கொச்சியிலிருந்து வரும் வீடியோ அழைப்புக்காக அக்கா கடையில் பெரிய திரை கட்டியிருந்தோம். ராஜன் குடும்பத்தோடு வந்தார். புனிதா தெருவிலுள்ள பாதிப் பேரைக் கூட்டிவந்திருந்தார். கமலநாதனும் கூச்சத்தோடு வந்து பின்வரிசையில் நின்றார். அக்காவே ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

திரையில் தொழுகைக்கூடத்தின் புதுக் கூரை, நீல வண்ணக் கண்ணாடி விளக்குகள். யாரோ போனைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். சுவரில் கல்வெட்டு. இங்கிலீஷிலும் மலையாளத்திலும் வரிசையாகப் பெயர்கள். கடைசியில் ஒரே ஒரு வரி தமிழில் இருந்தது. போன் அதன்மேல் போய் நின்றது.

மணிக்கு நாக்குச் செய்தவர்: தம்புசாமி, பிட்டர், செந்தூல்.

 அக்கா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி படித்தார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீதானே?"

"ஆமாக்கா."

"எழுத்துப் பிழ இல்லாம எழுதிக் குடுத்திருக்க" என்றார்.  கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. பின்வரிசையில் கமலநாதன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

அதற்குள் மணப்பெண் வாசலுக்கு வந்துவிட்டாள். ரஹேல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்து நாடுகளிலிருந்து வந்த பெண்கள் இரண்டு வரிசையாக நின்று பாடத் தொடங்கினார்கள். நாற்பத்தேழு வருடம் பிஸ்கட் டின்னுக்குள் கிடந்த மெட்டு, கூரை அதிர எழுந்தது. மணப்பெண் நடந்தாள்.

பாட்டின் நடுவே, சிம்ஹா அம்மா நிறுத்திய அதே இடத்தில், எல்லாப் பெண்களும் சேர்ந்து நிறுத்தினார்கள். டேப்பில் கேட்டபடியே பழகியிருக்கிறார்கள். மணியோசைக்கான இடத்தையும் சேர்த்தே பாட்டாக்கிவிட்டார்கள். மணப்பெண்ணும் நின்றாள்.  ரஹேல் நிமிர்ந்து நேராகப் போனைப் பார்த்தார்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மேசைமேல் இருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து, புனிதாவின் பித்தளை டம்ளரில் ஓங்கி ஒரு அடி அடித்தார். கிள்ளானிலிருந்து கொச்சிவரை அது கேட்டது. ரஹேல் தலையசைத்தார், பெண்கள் விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார்கள், மணப்பெண் உள்ளே போனாள்.